‘எப்பவாச்சும்தாம்மா’: தானாகத் தேடிக்கொண்ட நோய்க்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?

கேள்வி கேட்ட தம்பி ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை பார்ப்பவர். அவர் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: “மாசாமாசம் வரியைப் பிடிச்சுட்டுத்தான் சம்பளம் தர்றாங்க. நான் குடிக்கிறதில்ல, சிகரெட் கிடையாது, காலையில பெசன்ட் நகர் பீச்சுல ஓடறேன். குடிச்சுக் கல்லீரலைக் கெடுத்துக்கிட்டவருக்கும், வாயைக் கட்டாம சுகரை வரவழைச்சுக்கிட்டவருக்கும் என் காசுல ஏன் வைத்தியம்? விபத்து, பிறவிக் கோளாறு, தொற்றுநோய் இதுக்கெல்லாம் அரசு செலவு பண்ணட்டும். தானா தேடிக்கிட்டதை அவங்களே பார்த்துக்கட்டும்.”

கோபம் எனக்குப் புதிதில்லை. சென்னையில் அரசு மருத்துவமனைகளின் பொது மருத்துவ வார்டுகளில் முப்பது வருஷம் டாக்டராக நின்றவள் நான். இதே கோபத்தில் நோயாளிகளைத் திட்டியிருக்கிறேன். அதில் ஒரு திட்டுக்கு என்ன செலவு ஆனது என்பதையும் கீழே சொல்கிறேன்.

என் பதில்: அரசு செலவழிக்கத்தான் வேண்டும். இரக்கத்தை வைத்து வாதாடப் போவதில்லை. இரக்கம் ஆளுக்கு ஆள் மாறும். ‘யார் தப்பு’ என்று பார்த்துக் காசு கொடுக்கத் தொடங்கினால் நோயாளி உண்மை சொல்வதை நிறுத்திவிடுவார். உண்மை இல்லாத கேஸ் ஷீட்டை வைத்துக்கொண்டு எந்த டாக்டராலும் வைத்தியம் பார்க்க முடியாது. செலவும் குறையாது, கூடும். ஓரிடத்தில் மட்டும் நான் தம்பியின் பக்கம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வார்டில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் ‘எப்பவாச்சும்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்வார்கள்.

“குடிப்பீங்களா?”

“எப்பவாச்சும்தாம்மா.”

“எப்பவாச்சும்னா? தீபாவளிக்கா, பொங்கலுக்கா?”

“சாய்ங்காலம்தான்.”

“தினமுமா?”

“ஒரு குவார்ட்டர். அதுக்கு மேல போகமாட்டேன்.”

இந்த ஆறு வரி உரையாடலைப் பயிற்சி டாக்டர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுவேன். ‘எப்பவாச்சும்’ என்று கேட்டதும் பேனாவை மூடிவிடாதே, இன்னும் ரெண்டு கேள்வி கேள் என்பேன். குவார்ட்டர் என்றால் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால், தினமும். பத்துப் பதினைந்து வருஷம் தொடர்ந்தால் பலருடைய கல்லீரல் தாங்காது.

அரசு வார்டில் இந்த உண்மை மூன்றாவது கேள்வியில் வந்துவிடும். காரணம், அங்கே அதைச் சொல்வதால் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. மனைவி பக்கத்தில் நின்றால் கொஞ்சம் வெட்கம், அவ்வளவே. காசு நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதை ஓய்வுபெற்ற பிறகு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் பார்த்தேன்.

ஐம்பது வயதுக்காரர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். மகனுடைய கம்பெனி இன்சூரன்ஸ். குடி உண்டா என்று கேட்டதற்கு, “பழக்கமே இல்லை” என்று குடும்பமே ஒரே குரலில் சொன்னது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரி மனுஷர் போர்வையைக் கிள்ள ஆரம்பித்தார். சுவரில் எலி ஓடுகிறது என்றார். கையில் ஏறிக்கொண்டிருந்த டிரிப்பைப் பிடுங்கி எறிந்தார். உடம்பெல்லாம் வேர்வை, நாடித் துடிப்பு நூற்று நாற்பது. தையல் பிரிந்துவிடுமோ என்று நர்ஸ் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மூளைக்கு ஸ்கேன் எடுக்கலாமா, ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதா என்று டியூட்டி டாக்டர் குழம்பிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: “டெய்லி குடிப்பாரும்மா. கேஸ் ஷீட்ல எழுதிட்டா இன்சூரன்ஸ் வராதுன்னு எங்க அண்ணன் சொல்லிட்டார்.”

தினமும் குடிக்கும் உடம்புக்குத் திடீரென்று சாராயம் நின்றுபோனால் இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் இப்படி வரும். உயிரையே எடுத்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அட்மிஷன் அன்றே மாத்திரையும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டுத் தடுத்திருக்கலாம். செலவு மிகக் குறைவு. தெரியாததால் நாலு நாள் ஐ.சி.யூ. பில் மகன் தலையில் விழுந்ததா, இன்சூரன்ஸ் தந்ததா என்று நான் கேட்கவில்லை.

இதில் என் மனசை உறுத்தியது வேறொன்று. தனியார் பாலிசிகளில் குடிப்பழக்கத்துக்கான சிகிச்சையையும் அதன் விளைவுகளையும் விலக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே வாசகத்தைத் தரப்படுத்தி, பன்னிரண்டாம் எண் விலக்கு என்று வைத்திருக்கிறது. குடலிறக்கத்துக்கும் குடிக்கும் சம்பந்தம் கிடையாது. அந்த விதி இவருடைய ஆபரேஷனுக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆனால் விதியின் வாசகத்தை யார் படிக்கிறார்கள்? ‘குடிக்கிறேன்னு சொன்னா காசு போச்சு’ என்ற பயம் மட்டும் ஊர் பூராவும் பரவியிருக்கிறது. விதி எவ்வளவு தூரம் போகிறதோ, அதைவிடப் பத்து மடங்கு தூரம் பயம் போகும்.

தம்பி சொல்வதை அரசு ஏற்றுக்கொண்டால், இந்தப் பயம் ஜி.ஹெச்., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று ஒவ்வொரு ஓ.பி. வரிசைக்கும் வந்துவிடும். பீடி பிடிப்பவர் இருமலை மறைப்பார், காசநோய் தாமதமாகப் பிடிபடும், அதற்குள் வீட்டில் நாலு பேருக்குத் தொற்றியிருக்கும். கர்ப்பிணி புகையிலை போடுவதைச் சொல்லமாட்டார். சுகர்காரர் மாத்திரையை விட்டதைச் சொல்லமாட்டார். ‘ஒழுங்காப் போடறேன்’ என்பார், நாங்கள் டோஸை ஏற்றுவோம். அப்புறம் ஒருநாள் நிஜமாகவே ஒழுங்காகப் போட்டுத் தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவார்.

அடுத்தது, யார் தீர்ப்பு சொல்வது? ‘சிகரெட்டால் நாள்பட்ட மூச்சிரைப்பு நோய் வரும்’ என்பது லட்சம் பேரை வைத்துப் பார்த்தால் மறுக்க முடியாத உண்மை. ஆனால் பன்னிரண்டாம் நம்பர் படுக்கையில் இருப்பவருக்கு வந்தது சிகரெட்டால்தானா என்று கேட்டால், நேர்மையான எந்த டாக்டரும் சத்தியம் பண்ணமாட்டார். அதே வார்டில் பதினொன்றாம் படுக்கையில் வாழ்நாளில் பீடியைத் தொடாத பாட்டி மூச்சிரைத்துக்கொண்டு கிடப்பார். நாற்பது வருஷம் விறகடுப்புப் புகை. இரண்டு பேருக்கும் நெஞ்சு எக்ஸ்ரே ஒரே மாதிரி, நெபுலைசர் மருந்தும் ஒன்றே. ஒருவருக்கு இலவசம், இன்னொருவருக்குப் பில் என்று பிரிக்க வார்டில் ஒரு கோர்ட்டும் ஒரு குமாஸ்தாவும் வேண்டும். அந்தக் குமாஸ்தாவுக்குச் சம்பளமும் தம்பியின் வரியிலிருந்துதான். குமாஸ்தா யாரிடம் கறாராக இருப்பார், யாரிடம் குழைவார் என்பது நம் ஊர் அலுவலகங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் திட்டுக் கதைக்கு வருகிறேன்.

அவர் ஒரு வாட்ச்மேன். கூவம் கரையில் இருந்த வீட்டை இடித்து, குடும்பத்தைப் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் குடியிருப்புக்கு மாற்றியிருந்தார்கள். வேலை துரைப்பாக்கம் பக்கம் ஒரு அப்பார்ட்மென்ட் கேட்டில், ராத்திரி எட்டிலிருந்து காலை எட்டு வரை. சுகர் நோட்டு பழைய மருத்துவமனையில் இருந்ததால், டியூட்டி முடிந்து இரண்டு பஸ் மாறி எங்களிடமே வருவார். அன்றைக்கு வெறும் வயிற்றில் 380. வரிசையில் இன்னும் எழுபது பேர்.

“டீ எத்தனை குடிப்பீங்க?”

“ஒரு எட்டு, பத்து இருக்கும்மா.”

“சக்கரை?”

“போட்டுத்தான்.”

எனக்குப் பொங்கிவிட்டது. டீக்கடை ஸ்பூனில் ஒன்று ஐந்து கிராம் என்று வைத்தாலும், டீக்கு ரெண்டு ஸ்பூன் வீதம் எட்டு டீயில் 80 கிராம். சாப்பாட்டில் தனியாகச் சேரும் சர்க்கரை நாளைக்கு ஐம்பது கிராமைத் தாண்டக்கூடாது, இருபத்தைந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதுவும் சுகர் இல்லாதவர்களுக்கு. “நீங்களே சாகணும்னு முடிவு பண்ணிட்டா இங்க வந்து ஏன் மாத்திரையை வீணாக்கறீங்க?” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. நோட்டை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு மாதம் வரவில்லை. பிறகு வந்தபோது வலது கால் வீங்கி, நாற்றத்துடன். செருப்பில் ஆணி குத்தி ஏறியிருக்கிறது. காலில் உணர்ச்சி இல்லாததால் ஐந்தாறு நாள் அதே செருப்போடு நடந்திருக்கிறார். இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து வாரம் படுக்கை, ஆன்டிபயாடிக், தினமும் டிரெஸ்ஸிங், இன்சுலின். சுகருக்கான மெட்ஃபார்மின் மாத்திரை அரசு கொள்முதலில் ஒன்று ஒரு ரூபாய்கூட ஆகாது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994லிருந்து மொத்தமாக வாங்கி வாங்கி அந்த விலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஒரு ரூபாய் மாத்திரையை என் வாயால் நிறுத்தி, அரசுக்கு அறுவை சிகிச்சைச் செலவை இழுத்துவிட்டேன். தம்பி கேட்பது இதே திட்டைச் சட்டமாக எழுதச் சொல்லித்தான்.

கட்டு மாற்றும்போது ஒருநாள் நிதானமாகக் கேட்டேன், ஏன் அத்தனை டீ என்று. “நைட்டு ரெண்டு மணிக்குப் பசிக்கும்மா. கடை எதுவும் இருக்காது. சைக்கிள்ல டீ வரும். ஒரு டீ அடிச்சா பசியும் போவும், தூக்கமும் போவும். தூங்கினா செக்ரட்டரி போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்ருவாரு.”

இதைச் சொன்னால் ‘எல்லாம் சமூகத்தின் தப்பு, ஆளுக்குப் பொறுப்பே இல்லையா?’ என்று கேட்பார்கள். பொறுப்பு உண்டு. அதே குடியிருப்பில், அதே வேலையில், டீயைக் குறைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பொறுப்பின் அளவை எடை போட்டுப் பில் போட முடியுமா என்பதுதான் கேள்வி. இந்தியக் குழந்தைகள் பிறக்கும்போதே எடை குறைவாகவும், ஆனால் உடம்பில் கொழுப்பு விகிதம் அதிகமாகவும் பிறப்பதைப் புனே டாக்டர் யாக்னிக் பல வருஷ ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார். அம்மா வயிற்றில் பட்டினி கிடந்த குழந்தைக்கு நாற்பது வயதில் சுகர் வர வாய்ப்பு அதிகம். அதனால்தான் நம் ஆட்களுக்கு எடை அபாயக் கோட்டையே ஐரோப்பியர்களைவிடக் கீழே, 23 என்ற பி.எம்.ஐ.யில் (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) போடுகிறார்கள். 1970ல் யாரோ ஒரு கர்ப்பிணிக்குச் சோறு கிடைக்காததற்கு இன்றைக்கு அவர் மகனிடம் பில் நீட்டுவது என்ன நியாயம்?

பாதாளச் சாக்கடையில் இறங்குபவர் குடிக்காமல் அந்த நாற்றத்தில் நிற்க முடியாது என்பார். அதையும் ‘வாழ்க்கைமுறைத் தேர்வு’ என்று எழுதுவார்களோ என்னவோ.

2023ல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி நாட்டில் சுகர் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடி. தமிழ்நாட்டில் வயதுவந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மேல். இத்தனை பேரும் ஒரே சமயத்தில் ஒழுக்கம் கெட்டுப்போனார்கள் என்று நம்ப எனக்கு முடியவில்லை. ரேஷனில் வெள்ளை அரிசி இலவசம், அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். அந்த இட்லியை நான் குறை சொல்லமாட்டேன், ஊரடங்கில் எங்கள் நோயாளிகளின் கூட வந்தவர்களுக்குச் சோறு போட்டது அதுதான். ஆனால் ஏழைக்கு மலிவாகக் கிடைப்பது மாவுச்சத்து, காய்கறியும் பருப்பும் இல்லை என்பதும் உண்மை.

இப்போது ‘என் காசு’ விஷயம். வருமான வரி கட்டுபவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்று படித்தவர்களிடம் ஒரு நினைப்பு இருக்கிறது. வாட்ச்மேன் வாங்கும் சோப்பிலும் செல்போன் ரீசார்ஜிலும் ஜி.எஸ்.டி. இருக்கிறது. குடிப்பவர் விஷயத்தில் கணக்கு இன்னும் வேடிக்கை. 2003 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக் மட்டும்தான். 2023-24ல் அதிலிருந்து அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதே ஆண்டு பட்ஜெட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 18,661 கோடி. சாராயத்தில் வந்தது, மொத்த சுகாதாரத் துறைக்கும் ஒதுக்கியதைப்போல இரண்டரை மடங்கு. குவார்ட்டர் வாங்குகிறவர் வார்டுக்கு வருவதற்கு முன்பே, தினம் தினம், கவுன்டரில் முன்பணம் கட்டிவிட்டுத்தான் வருகிறார். விற்கிற கையே ‘நீயாகத்தானே குடித்தாய்’ என்று சொல்லிப் படுக்கையை மறுக்க முடியாது. அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பொது சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் கடமை என்பதும், போதைதரும் மதுவைத் தடுக்க முயல வேண்டும் என்பதும் அந்த ஒரே பிரிவில் அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டாவதை விட்டுவிட்ட அரசுக்கு முதலாவதையும் விட உரிமை எங்கிருந்து வரும்?

இன்னொரு கணக்கும் உண்டு, கேட்க நன்றாக இருக்காது. நெதர்லாந்தில் 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வில், இருபது வயதிலிருந்து சாகும்வரை ஒருவருக்கு ஆகும் மருத்துவச் செலவை மதிப்பிட்டார்கள். ஆரோக்கியமாக வாழ்பவருக்கு 2,81,000 யூரோ. உடல் பருமன் உள்ளவருக்கு 2,50,000. புகைப்பவருக்கு 2,20,000. நல்ல பழக்கம் உள்ளவர் நீண்ட நாள் வாழ்வார். எண்பத்தைந்து வயதில் இடுப்பு எலும்பு முறிவு, மறதி நோய், கண், காது என்று செலவு வரும். புகைப்பவர் சீக்கிரம் போய்விடுகிறார். பெசன்ட் நகரில் ஓடுகிற தம்பிதான் ஆயுள் கணக்கில் அரசுக்கு அதிகச் செலவு வைக்கப் போகிறவர். அவர் நூறு வயது வாழட்டும், அந்தச் செலவை அரசு சந்தோஷமாகச் செய்யட்டும்.

வெளிநாடுகளில் இதை முயன்று பார்க்காமல் இல்லை. ஜெர்மனியின் சமூகச் சட்டத் தொகுப்பில் ஐந்தாம் புத்தகம் 52ஆம் பிரிவு, பச்சை குத்துவது, உடம்பில் துளையிட்டு வளையம் மாட்டுவது, அழகுக்காக ஆபரேஷன் செய்வது ஆகியவற்றால் வரும் கோளாறுக்கு நோயாளியும் பங்கு செலுத்த வேண்டும் என்கிறது. கறாரான அவர்களே பீடி, பீர், தொப்பை பக்கம் அந்தப் பிரிவை நீட்டவில்லை. ஜப்பானில் 2008லிருந்து நாற்பது முதல் எழுபத்துநாலு வயது வரை இடுப்பளவு எடுக்கிறார்கள். ஆணுக்கு 85 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 90. தாண்டியவருக்கு ஆலோசனை தருவார்கள். இலக்கை எட்டாவிட்டால் தண்டம் காப்பீட்டு நிறுவனத்துக்கு, தொப்பைக்காரருக்கு இல்லை. நம் ஊர் அரசு எடுத்த வழியும் தம்பி சொல்வதற்கு நேர்மாறு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகிறது. இந்தியாவில் சுகருக்கென்று தனிப் பிரிவு முதலில் வந்ததே நம் ஸ்டான்லியில்தான், 1948ல், பேராசிரியர் விஸ்வநாதன் தொடங்கியது. அங்கே வருகிறவரிடம் ‘இனிப்பு சாப்பிட்டாயா’ என்று கேட்பது மருந்தின் அளவைத் தீர்மானிக்க.

விபத்துக்கு அரசு செலவு செய்யட்டும் என்றாரே, அதையும் பார்ப்போம். 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் யாருக்கும் முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை. எந்த ஊர்க்காரர், அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை. ஹெல்மெட் போட்டிருந்தாயா என்றும் சிகிச்சைக்கு முன் கேட்பதில்லை. ஓ.எம்.ஆரில் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பைக் ஓட்டுகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். அது ‘தானாகத் தேடிக்கொண்டது’ இல்லையா? ஹைதராபாத்தில் ஐ.டி. ஊழியர்களைப் பரிசோதித்து 2025ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 84 பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு கூடியிருந்தது. அந்த 84 பேர் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடப்பவர்கள் அல்ல. பத்து மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து, ராத்திரி பதினொன்றுக்குப் பிரியாணி ஆர்டர் செய்பவர்கள். ‘வாழ்க்கைமுறை நோய்’ என்று சட்டம் போட்டால் முதலில் மாட்டுவது யார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, தம்பி பக்கம் நான் நிற்கும் இடம். காசு விஷயத்தில் பாகுபாடு கூடாது என்றேன். உறுப்பு விஷயம் வேறு. தானமாகக் கிடைக்கும் கல்லீரல் ஒன்றுதான், காத்திருப்பவர்கள் பலர். 2008லிருந்து தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி பிரித்துக்கொடுக்கும் முறை இருக்கிறது. மகனை இழந்த குடும்பம் கொடுத்த கல்லீரலை, மறுபடியும் குடிக்கத் திட்டமிட்டிருப்பவருக்கு வைக்க எனக்கு மனசு வராது. குடிநோய் சிகிச்சைக்குச் சம்மதம், குடும்பத்தின் துணை, மனநல மருத்துவரின் மதிப்பீடு ஆகியவை வேண்டும் என்று கேட்பது நியாயம். இதிலும் பழங்கால ‘ஆறு மாசம் குடிக்காமல் இருந்து காட்டு’ விதியைக் கண்ணை மூடிப் பிடிக்கக் கூடாது. மருந்துக்குக் கட்டுப்படாத கடும் குடிக் கல்லீரல் அழற்சியில், கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்குக் காத்திருக்காமல் மாற்றுக் கல்லீரல் வைத்துப் பிரான்சில் பார்த்தார்கள். 2011ல் வெளிவந்த முடிவு: ஆறு மாதத்தில் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 77, வைக்காதவர்களில் 23. அந்த ஆறு மாதக் காத்திருப்பை முடிக்கவே பலர் உயிரோடு இருப்பதில்லை. இங்கே பார்க்க வேண்டியது உறுப்பு நிலைக்குமா என்பது. பழைய பாவத்துக்கு மார்க் போடுவது வேறு வேலை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தபோது, குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்ததைப் பலர் திட்டினார்கள். அந்தத் தொகை சரியா என்பதில் எனக்கும் தயக்கம் உண்டு. ஆனால் மெத்தனால் குடித்துக் கண் மங்கி வந்தவருக்கு டயாலிசிஸ் போடுவதா வேண்டாமா என்பதில் ஒரு நொடிகூடத் தயக்கம் இருக்கக் கூடாது. நஷ்டஈடு வேறு, சிகிச்சை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் இந்த விவாதம் முக்கால்வாசி நடக்கிறது.

பொறுப்பைப் பணமாக வசூலிக்க வேண்டும் என்றால் கடையில் வசூலியுங்கள், கட்டிலில் வேண்டாம். மெக்சிகோ 2014ல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டது. முதல் ஆண்டில் விற்பனை சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, ஏழை வீடுகளில் 9 சதவீதம். பிரிட்டன் 2018ல் சர்க்கரை அளவை வைத்துப் படிப்படியாக வரி போட, கம்பெனிகளே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. இங்கே சோடா வகைக் குளிர்பானத்துக்கு 40 சதவீத வரி இருக்கிறது. ஆனால் சர்க்கரை நிறைந்ததற்கும் சர்க்கரையே இல்லாததற்கும் ஒரே வரி. பிறகு கம்பெனி எதற்குக் குறைக்கும்? போதாததற்கு 2025 செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பீடி மீதான வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவெடுத்தது. அந்தத் தொழிலை நம்பியிருக்கும் பெண்களுக்காக என்று காரணம் சொல்வார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. ஆனால் அதே பெண்களின் வீட்டுக்காரர்கள் நுரையீரல் வார்டுக்கு வருவார்கள், அப்போது தம்பி மாதிரி யாராவது ‘என் காசு’ என்பார்.

வாட்ச்மேன் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். ஓய்வுக்குப் பிறகும் வாரம் ஒருநாள் ஒரு இலவச கிளினிக்கில் உட்காருகிறேன். அங்கே வருவார், அதே மஞ்சப்பையோடு. போன மாதம் அவருடைய மூணு மாச சராசரி சுகர் (ஹெச்.பி.ஏ1சி) 11 சதவீதத்திலிருந்து 8.2க்கு இறங்கியிருந்தது. இன்னும் குறையணும், ஆனாலும் பரவாயில்லை. எப்படிங்க என்று கேட்டேன்.

“கேன் டீயில சக்கரை கலந்துதாம்மா வரும், நாம வேணாம்னா நடக்காது. இப்போ ஒரு பையன் எனக்குன்னு ஒரு சின்ன ஃபிளாஸ்க்ல சக்கரை போடாம தனியா எடுத்தாறான்.”

“நல்ல பையன்.”

“நல்ல பையன்தான். ரெண்டு ரூபா கூட.”